தாழங்குடாவுக்குப் போன யூரியா

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சாரத்தை மட்டும் தருகிறேன்.

"சார், கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி அணை) கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல், கிணற்றுத் தண்ணீரில் ஒரு ஏக்கர் தக்காளி. மகளைக் கடலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பொங்கல் சீர் கொண்டுபோனபோது மாப்பிள்ளை தாழங்குடாவுக்கு அழைத்துப்போனார். நம்ம தென்பெண்ணை கடலில் சேருகிற இடம். அங்கே வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். 'உங்க ஊர்த் தண்ணி வந்தாத்தான் எங்களுக்கு மீனு. உங்க ஊர் மருந்து வந்தா அதுவும் போச்சு' என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் வயலுக்கும் கடலுக்கும் இருநூறு கிலோமீட்டர். நடுவில் சாத்தனூர் அணை வேறு. ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் மலை மலையாக நுரை வருகிறதே, அது பெங்களூர்க் கழிவு. அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் நெல்லுக்குப் போடுகிற நாலு மூட்டை யூரியாவா கடலைக் கெடுக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள். இயற்கை விவசாயத்துக்கு மாறிவிடுங்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள். இந்த நேரத்தில் தக்காளியை விட்டால் கைச்செலவுக்கு வழியில்லை."

மாறச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். முப்பது வருஷம் பரிசோதனைக் கூடத்தில் மண்ணையும் தண்ணீரையும் பார்த்தவன் நான். வட்டிக்கு வாங்கி உரம் போடுகிறவரிடம் நின்றுகொண்டு உபதேசம் செய்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன இரண்டு வாக்கியமும் சரி. இரண்டாவது உங்களைக் குத்திவிட்டதால் முதலாவதை நீங்கள் கவனிக்கவில்லை.

ஆற்று முகத்தில் மழை இல்லாத மாதங்களில் மணல் ஏறி வாய் அடைத்துக்கொள்ளும். வெள்ளம் வந்தால்தான் திறக்கும். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற அந்த இடம்தான் இறால் குஞ்சுகளுக்குத் தொட்டில். கடலில் பொரித்த குஞ்சு உள்ளே வந்து, சேற்றில் மேய்ந்து, வளர்ந்து திரும்பப் போகும். ஆறு கொண்டுவரும் சத்தில்தான் அங்கே நுண்பாசி வளர்கிறது, அதைத் தின்று மீன் வளர்கிறது. ஆக, மேட்டு நாட்டுத் தண்ணீரில் கொஞ்சம் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருக்கத்தான் வேண்டும். அளவு மீறும்போதும், கூடவே வரக் கூடாதது வரும்போதும்தான் பெரியவரின் இரண்டாவது வாக்கியம் உண்மையாகிறது.

(உங்கள் ஊர்ப் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வரும். பெயரில் காவேரி, ஓடுவது தென்பெண்ணை. பெயரில் பட்டணம், கடலோ பக்கத்திலேயே இல்லை. போகட்டும்.)

தூரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. அதன் மேல்பகுதியில் மக்காச்சோளம் விளையும் அயோவா மாநிலம் அந்தக் கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்த விவசாயிகளில் பலர் கடலையே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வயலில் மிஞ்சிய தழைச்சத்துதான் ஒவ்வொரு கோடையிலும் அந்த வளைகுடாவில் உயிர் தங்காத ஒரு பரப்பை உண்டாக்குகிறது. 2017இல் அளந்தபோது அது 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்தையும் சேர்த்து இரண்டு மடங்காக்கினாலும் அவ்வளவு வராது. தூரம் ஒரு பாதுகாப்பு அல்ல என்பதற்கு இது போதும். ஆனால் அணை கொஞ்சம் பாதுகாப்புதான். அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இதை நீங்களே பார்க்கலாம். அடுத்த முறை நல்ல மழை அடித்து ஓயும்போது, தக்காளிக் கொல்லையின் தாழ்ந்த மூலையில் வழிகிற தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். செங்கல் கரைத்ததுபோல இருக்கும். ஆட்டாமல் ஜன்னலோரம் ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் ஒரு விரல் உயரம் செம்மண் படிந்திருக்கும், மேலே மங்கலான தண்ணீர் நிற்கும். நீங்கள் போட்ட டி.ஏ.பி. உரத்தின் மணிச்சத்து பெரும்பாலும் அந்த ஒரு விரல் மண்ணில் இருக்கிறது. மண் துகளோடு ஒட்டிக்கொள்வது அதன் குணம். யூரியாவின் தழைச்சத்து மேலே நிற்கிற தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. யூரியா மண்ணில் விழுந்த சில நாட்களில் அம்மோனியமாகி, அப்புறம் நைட்ரேட்டாக மாறும். மண் துகளுக்கும் நைட்ரேட்டுக்கும் ஒரே மின்னேற்றம், இரண்டும் எதிர்மறை. அதனால் மண் அதைப் பிடித்து வைக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ, அதுவும் கூடவே போகும். சாம்பல் சத்தை (பொட்டாசியம்) பற்றிக் கடலுக்குக் கவலையே இல்லை, அங்கே ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.

இப்போது அந்த பாட்டிலைச் சாத்தனூர் அணை என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அங்கே நிற்கும்போது மண் அடியில் உட்காருகிறது. மணிச்சத்தும், மண்ணோடு ஒட்டிய மருந்துகளும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. கரைந்திருக்கும் நைட்ரேட்டில் ஒரு பகுதியை அணைப் பாசி தின்கிறது, மிச்சம் மதகு வழியாகக் கீழே போகிறது. சாதாரண வருஷத்தில் தாழங்குடாவில் சேருகிற உரத்தில், உங்கள் பங்கைவிடச் சாத்தனூருக்குக் கீழே திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் வைத்திருப்பவர்கள் பங்குதான் அதிகம் இருக்கும். இதை மாப்பிள்ளையிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் எல்லா வருஷமும் சாதாரண வருஷமா? 2024 டிசம்பர் முதல் வாரத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. நம் பக்கத்து வருஷ மழையில் பாதிக்கு மேல் ஒரு பகல் இரவில் கொட்டியது. சாத்தனூரிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அப்படி வருகிற தண்ணீருக்கு அணையில் நின்று மண்ணை இறக்கிவைக்க நேரமில்லை. உள்ளே வந்த வேகத்தில் வெளியே போனது. அந்த வெள்ளத்தில் கொல்லைகளின் மேல்மண்ணே புறப்பட்டுப் போனது, அதில் ஒட்டியிருந்தது எல்லாம் சேர்ந்து போனது. கடலுக்குப் போய்ச்சேரும் கணக்கில் முந்நூறு சாதாரண நாளைவிட இப்படிப்பட்ட மூன்று நாள் பெரியது. அந்த மூன்று நாளுக்கு முன்னால் வயலில் என்ன கிடந்தது என்பதுதான் கேள்வி.

கடலில் போய் என்ன செய்கிறது? ஏரியில் பாசி வளராமல் தடுப்பது பெரும்பாலும் மணிச்சத்துப் பற்றாக்குறை, கடலில் தழைச்சத்துப் பற்றாக்குறை. அதனால்தான் மண்ணை விட்டுத் தப்பிப்போகும் நைட்ரேட் கடலோரத்துக்குப் பெரிய விஷயமாகிறது. பற்றாக்குறை தீர்ந்ததும் நுண்பாசி திடீரென்று பெருகும். ஒரு வாரம் பத்து நாளில் செத்து அடியில் விழும். அதை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மேலே ஆற்றுத் தண்ணீர் லேசாக மிதக்க, கீழே உப்புத் தண்ணீர் கனமாக நிற்க, நடுவில் மூடி போட்டதுபோல ஆகிவிடும். மேலிருக்கும் காற்று கீழே இறங்காது. கடல்நீரில் லிட்டருக்கு ஆறு ஏழு மில்லிகிராம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் ஓடிவிடும். ஓட முடியாத சிப்பியும் புழுவும் சாகும்.

தாழங்குடாவில் மெக்சிகோ வளைகுடா மாதிரி ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. நம் கரையில் அலையும் நீரோட்டமும் நன்றாகவே கலக்கிவிடும். ஆனால் வங்கக் கடலில் ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்த ஓர் அடுக்கு இயற்கையாகவே இருக்கிறது. பெரிய பெரிய ஆறுகள் கொட்டும் நல்ல தண்ணீரால் மேல்பரப்பில் மூடியும் பலமாக இருக்கிறது. இன்னும் இன்னும் ஊட்டிக்கொண்டே போக அது பொருத்தமான கடல் இல்லை.

உரத்தைவிட எனக்குக் கவலை மருந்துதான். பெரியவரும் மருந்து என்றுதான் சொன்னார், கவனித்தீர்களா?

இறாலும் நண்டும் பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். கணுக்காலிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தக்காளிக் காய்ப்புழுவின் நரம்பைத் தாக்க நாம் அடிக்கும் சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின், குளோர்பைரிபாஸ் எல்லாம் இறாலின் நரம்பையும் அதே மாதிரிதான் தாக்கும். இதில் முதல் இரண்டும் மனுஷனுக்குக் கொஞ்சம் பரவாயில்லை, மீனுக்கும் இறாலுக்கும் மிக மிகச் சிறிய அளவே எமன். டப்பாவில் இருக்கிற முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்து "இது நீலம்தான், லேசான மருந்து" என்று கடையில் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த நிறம் எலியை வைத்துச் சோதித்து, மனுஷனுக்கு எவ்வளவு ஆபத்து என்று போட்டது. இறாலைக் கேட்டுப் போட்டதில்லை. நல்லவேளையாக இந்த மருந்துகள் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் மண் நகராவிட்டால் மருந்தும் நகராது. இமிடாகுளோபிரிட் அப்படியில்லை, அது தண்ணீரில் நன்றாகக் கரையும்.

களைக்கொல்லிக்கு வேறு கதை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக் கரும்புக் காடுகளிலிருந்து வழிந்த டையூரான், அட்ரசின் போன்ற களைக்கொல்லிகள் பெரும் பவளத்திட்டுப் பக்கம் கடற்புல்லையும் பவளத்தோடு வாழும் பாசியையும் பாதித்ததால், 2009இல் அந்த மாநில அரசு கரும்பு விவசாயிகள் உரமும் மருந்தும் போடுவதற்கே கட்டுப்பாடு வைத்துச் சட்டம் கொண்டுவந்தது. செடி வெயிலிலிருந்து உணவு செய்வதைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலை. கோரைப்புல்லா கடற்புல்லா என்று அது பார்க்காது. நம் பாக் விரிகுடாவிலும் கடற்புல் இருக்கிறது, அதை மேய்ந்து வாழும் கடற்பசு இருக்கிறது.

சரி, பெங்களூர்க் கழிவு. அதில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழிநீர் தென்பெண்ணைக்குத்தான் வருகிறது. கெலவரப்பள்ளி நுரை சோப்புத்தூளும் சாக்கடையும். அதிலும் மணிச்சத்து, தழைச்சத்து இரண்டும் தாராளமாக இருக்கின்றன. அதை விவசாயி தலையில் கட்டுகிறவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அடுத்தவன் சாக்கடை விடுகிறான் என்பதால் நம் கணக்கு தள்ளுபடி ஆகாது. அதையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20 கிலோ 700 கிராம். நாலு மூட்டையில் கிட்டத்தட்ட 83 கிலோ. நெற்பயிர் அதில் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கு, கூடிப்போனால் நாற்பது சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி ஆவியாகக் காற்றில் போகும், கொஞ்சம் மண்ணில் தங்கும், கொஞ்சம் தண்ணீரோடு போகும். அந்தக் கடைசிக் "கொஞ்சம்" எவ்வளவு என்பது நீங்கள் போடும் அளவைவிட, போடும் நாளைப் பொறுத்தது. கே.ஆர்.பி. கால்வாய்களில் தண்ணீர் விட்டால் ஆயக்கட்டு முழுக்க, சுமார் 9,000 ஏக்கர், ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடவு. மேலுரமும் ஒரே வாரத்தில். அந்த வாரத்தில் பெருமழை அடித்து, ஏக்கருக்கு இரண்டே கிலோ தழைச்சத்து வரப்பு தாண்டியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 18 டன். கிட்டத்தட்ட 870 மூட்டை யூரியா ஒரே இரவில் ஆற்றில் கொட்டியதற்குச் சமம். நாலு மூட்டை என்று நீங்கள் தனியாகக் கேட்டதால் இப்படிச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆனால் கடலுக்குப் போவதற்கு முன்னால் அது எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தால், உங்களுக்குக் கடல் ஞாபகமே வராது.

நைட்ரேட் நேராகக் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. உங்கள் கிணற்றில் சரியாக அந்த 45 இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் பாய்ச்சினால் ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் ஒரு கிலோ சொச்சம் தழைச்சத்து இருக்கும். இருபது தண்ணீர் பாய்ச்சினால் ஒரு மூட்டை யூரியாவில் இருப்பது அப்படியே வந்துவிடும். போன வருஷம் நீங்கள் காசு கொடுத்து வாங்கி, கீழே இறங்கிப்போனதுதான் இப்போது மோட்டாரில் மேலே வருகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் மறுபடியும் மூட்டை பிரிக்கிறோம். மானியத்தில் மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, அதனால் யாருக்கும் கை கூசுவதில்லை.

மகள் பிரசவத்துக்கு வருவதாக எழுதினீர்கள். முதல் வேலையாகக் கிணற்று நீரை நைட்ரேட்டுக்குப் பரிசோதனை செய்யுங்கள். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, வெயில் படாமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். 45க்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரில் பச்சைக் குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கவே கூடாது. குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை நைட்ரேட் குறைத்து, உடம்பு நீலம் பாரித்துவிடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கொதித்தால் தண்ணீர் சுண்டும், நைட்ரேட் சுண்டாது, இன்னும் செறிவுதான் ஆகும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் இந்தப் பேச்சே இல்லை. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதென்றால் அதைப் பிடித்து வையுங்கள்.

அப்புறம் ஏரி. உங்கள் பக்கம் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பாரூர் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. வழியில் வடிகிறதெல்லாம் அங்கேதான் நிற்கும். அந்தப் பக்கம், தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம், ஏரியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மேட்டூர் அணையின் நீர் வற்றும்போது நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் அணைக்குள்ளேயே சோளமும் கம்பும் எள்ளும் விதைப்பார்கள். நல்ல வண்டல் மண், நன்றாக விளையும். உரம் போட்ட அந்த மண்ணின் மேல் அப்படியே தண்ணீர் ஏறும். சில வருஷம் அணைத் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல ஆகி, கரையோரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பச்சையில் சில வகை நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சு சுரக்கும். ஏடு படிந்த தண்ணீரில் மாடு வாய் வைக்க விடாதீர்கள்.

என்ன செய்யலாம் என்கிறீர்கள். நெல்லுக்கு முதல் வைத்தியம் நாள் பார்ப்பது. கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல மேலுரத்துக்கும் பாருங்கள். மேகதூத் செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டால் நம் மாவட்டத்துக்கு அடுத்த சில நாள் மழை எப்படி என்று தமிழிலேயே வரும். இரண்டு நாளுக்குள் கனமழை என்றால் மூட்டையைப் பிரிக்காதீர்கள். போடும் அன்று வயலில் தண்ணீரைச் சீலை நனைகிற அளவுக்குக் குறைத்து, கடைமடையை அடைத்து, போட்டு ஒரு நாள் கழித்துத் தண்ணீர் கட்டுங்கள். ஒரு வாரம் மடையைத் திறக்காதீர்கள். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது, வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். வாரம் ஒருமுறை இலையை அட்டையோடு வைத்துப் பார்த்து, பச்சை நாலாம் எண்ணுக்குக் கீழே வெளுத்தால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னி என்றால் மூன்றாம் எண். பல சமயம் பயிர் கேட்கவே கேட்காது, பக்கத்து வயல்காரர் போட்டுவிட்டாரே என்று நாம்தான் போடுகிறோம். ஐந்து பங்கு யூரியா, நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்துப் போடுவது வேளாண் பல்கலைக்கழகத்தின் பழைய சிபாரிசு, இன்றைக்கும் நல்லது. பையூர் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்தில்தான். நான் சொன்னதில் சந்தேகம் இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தக்காளியில்தான் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். சொட்டுநீர் போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் போடுங்கள். உங்களைப்போல ஐந்து ஏக்கருக்குள் இருக்கிற சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம். உரத்தையும் அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். ஆனால் சொட்டுநீரோடு சேர்த்து பாத்தியை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு, மல்ச்சிங் ஷீட், விரிக்கிறார்கள் இல்லையா, அதைக் கொஞ்சம் யோசித்து விரிக்க வேண்டும். களை வராது, தண்ணீர் மிச்சம், எல்லாம் சரி. மழை வந்தால் பாத்தி ஒரு சொட்டைக்கூடக் குடிக்காது. கூரையில் விழுந்ததுபோல அத்தனையும் நடுச் சாலில் இறங்கி ஓடும். பாத்தி மேல் அடித்த மருந்து ஷீட்டின்மேல்தான் கிடக்கிறது, அதையும் கழுவிக்கொண்டு ஓடும். அமெரிக்காவில் செசபீக் விரிகுடாப் பக்கம் மேரிலாந்தில் தக்காளியை வைத்தே இதைச் சோதித்தார்கள். தழை மூடாக்குப் போட்ட பாத்தியைவிட பிளாஸ்டிக் விரித்த பாத்தியிலிருந்து தண்ணீர், மண், மருந்து மூன்றுமே அதிகமாக ஓடியது. ஷீட்டைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. சாலில் வைக்கோலோ சோளத்தட்டோ பரப்புங்கள். கொல்லை முடிகிற தாழ்ந்த ஓரத்தில் ஐந்தாறு அடி அகலத்துக்குக் கொழுக்கட்டைப்புல்லோ தீவனப்புல்லோ விடுங்கள். ஓடிவருகிற தண்ணீர் புல்லில் தடுக்கி நிற்கும், மண் அங்கேயே விழும். மாட்டுக்கும் ஆகும். மருந்து அடித்துக் கழுவிவந்த வாரம் மட்டும் அந்தப் புல்லை அறுக்காதீர்கள்.

இதைவிடச் சுலபமான ஒன்று இருக்கிறது, யாரும் செய்வதில்லை. மருந்து அடித்து முடித்ததும் டேங்கைக் கால்வாயில் முக்கிக் கழுவுகிறோம். அடியில் நின்ற மிச்சம் நேராகத் தண்ணீரில். அதற்கு வயலும் வேண்டாம், மழையும் வேண்டாம். ஒருமுறை ஒரு கால்வாய் மதகடியில் குட்டிக் கெண்டைகள் வெள்ளை வெள்ளையாக மிதந்ததைப் பார்த்துவிட்டு, மேலே என்ன ஆலை இருக்கிறது என்று நானும் ஒரு உதவியாளரும் தேடிக்கொண்டு போனோம். ஆலை எதுவும் இல்லை. நூறு அடி தள்ளி வேப்பமரத்தடியில் இரண்டு ஸ்பிரேயர் கவிழ்த்துக் காயவைத்திருந்தது, பக்கத்தில் காலி பாட்டில் ஒன்று. டேங்கை மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் பயிர் மேலேயே அடித்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

இயற்கை உரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, நீங்கள் கேட்காவிட்டாலும். லாரியில் கோழி எரு வாங்கி ஓடைக்கரையில் குவித்துவைத்து, ஐப்பசி மழையில் கரைய விட்டால் அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். பாசிக்கு எது யூரியா, எது எரு என்று தெரியாது.

இதெல்லாம் செய்தால் கடல் மாறுமா என்று மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். கருங்கடலில் டான்யூப் ஆறு சேரும் பக்கம் எழுபது, எண்பதுகளில் மெக்சிகோ வளைகுடா போலவே அடித்தரை செத்துப்போனது. 1991இல் சோவியத் ஆட்சி கலைந்தபோது அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு உரம் வாங்கக் காசில்லாமல் போயிற்று. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தொண்ணூறுகளின் கடைசிக்குள் அந்தச் செத்த பரப்பு வெகுவாகச் சுருங்கி, சிப்பிகள் திரும்ப வர ஆரம்பித்தன. நாம் காசில்லாமல் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு உங்களிடமிருந்து ஓர் உதவி வேண்டும். மறுபடி கடலூர் போனால் அந்தப் பெரியவரைத் தேடிப் பிடியுங்கள். புது வெள்ளம் வருகிறபோது ஆற்று முகத்தில் முதலில் என்ன ஆகிறது என்று கேளுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறதா? அப்படியென்றால் ஆக்சிஜன் குறைகிறது, அதில் சாக்கடையும் உரமும் இருக்கலாம். இல்லை, மீன் சாதாரணமாகத் திரிந்துகொண்டிருக்க இறாலும் நண்டும் மட்டும் செத்துக் கரை ஒதுங்குகிறதா? அப்படியென்றால் எனக்குப் பூச்சிமருந்தின் மேல்தான் சந்தேகம். எந்த மாதம், எத்தனையாவது வெள்ளத்தில் என்பதையும் கேட்டு எழுதுங்கள். மாப்பிள்ளையிடம் சொல்லி இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்துவைக்கச் சொன்னால் இன்னும் நல்லது.